பிளெய்ட்ஸ் 1.2 ஃபர்ம்வேர்: ஆறு ஆப்பரேட்டர் எஃப்எம்மில் சத்தம் ஏன் அடங்குவதில்லை? புது மாடல்கள் பற்றி இன்னும் சில கேள்விகள்

அலைவரிசை

எல்லாருக்கும் வணக்கம். பிளெய்ட்ஸில் (மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் மாடுலர் சின்த் ஒலி மாட்யூல்) 1.2 ஃபர்ம்வேர், அதாவது அதன் உள்மென்பொருள், ஏற்றியாகிவிட்டது. பச்சை, சிவப்பு வரிசைகளில் இருந்த 16 மாடல்களும் அப்படியே இருக்கின்றன. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ஒரு நிறத்தில் எரியும் புது வரிசையில் 8 மாடல்கள் கூடியிருக்கின்றன. பழைய வரிசைகளுக்குப் போட்ட அதே இணைப்பு புது வரிசையில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

இணைப்பு இதுதான்: சீக்வென்சரின் சுருதி சிவி (கட்டுப்பாட்டு மின்னழுத்தம்), வி/ஆக்ட் எனும் சுருதி ஜாக்கில். ஏடிஎஸ்ஆர் என்வலப் (நோட்டின் அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ் கட்டங்களை வடிவமைக்கும் சிக்னல்), லெவல் ஜாக்கில். ட்ரிக் (நோட்டைத் தொடங்கும் தூண்டல்) ஜாக் காலி.

1. வேவ்டேபிள் மாதிரி பழைய மாடல்களில் என்வலப் முடிந்ததும் சத்தம் அடங்குகிறது. ஆறு ஆப்பரேட்டர் எஃப்எம் (ஆப்பரேட்டர் எனும் ஒலி அலகுகள் ஒன்றின் அலையை மற்றொன்று மாற்றும் முறை) மாடல்கள் மூன்றிலும் மட்டும் நிற்காமல் ட்ரோனாக, விடாத ஒரே ஒலியாக, ஓடுகிறது. லெவல் ஏறி இறங்கும்போது தொனிதான் கொஞ்சம் மாறுகிறது.

2. ட்ரிக்கில் கேட் (நோட்டு நீடிக்கும்வரை உயர்ந்து நிற்கும் சிக்னல்) செருகினால் சத்தம் அடங்குகிறது. ஆனால் ஒவ்வொரு நோட்டின் தொடக்கத்திலும் சுருதி மேலிருந்து "ப்யூ" என்று சரிந்து வருகிறது.

3. ஹார்மோனிக்ஸ் குமிழைத் திருப்பினால் ஒலி சில சமயம் உடனே மாறுகிறது, சில சமயம் அடுத்த நோட்டில்தான் மாறுகிறது. எந்த நிலையில் எது?

4. சொந்தமாக ஒரு டிஎக்ஸ்7 (யமஹாவின் ஆறு ஆப்பரேட்டர் எஃப்எம் கீபோர்ட்) பேங்க், அதாவது 32 ஒலிகளின் தொகுப்பு, ஏற்ற வேண்டும். கையில் இருக்கும் சிஸெக்ஸ் (மிடி கருவிகளின் ஒலித் தரவு) கோப்பு சரியாக 4104 பைட். ஆனால் கணினியில் ஒரு எஃப்எம் மென்பொருளில் திறந்து கேட்டால் 32 ஒலியும் தாறுமாறாக இருக்கிறது. ஏற்றும் முன் கோப்பு சரியா என்று எப்படிப் பார்ப்பது?

5. வேவ் டெரெய்ன் மாடலில் மூன்று குமிழும் என்ன செய்கின்றன என்று பிடிபடவில்லை. ஒன்று மொட்டை சைன், இல்லாவிட்டால் கரகரப்பு. நடுவில் நிறுத்துவது எப்படி?

---

கேட்_ஆன்

முதல் மூன்று கேள்விக்கும் வேர் ஒன்றுதான், சேர்த்தே சொல்கிறேன்.

பழைய மாடல்களில் பெரும்பாலானவை ஓயாமல் ஒலிக்கும் ஆஸிலேட்டர்கள். அவற்றின் சத்தத்தைத் திறந்து மூடுவது பின்னால் இருக்கும் லோ பாஸ் கேட் (சத்தத்தையும் கூர்மையையும் சேர்த்துக் குறைக்கும் பகுதி; ட்ரிக்கில் கொடுக்கும் கேட் சிக்னல் வேறு). லெவல் ஜாக்கில் என்வலப் கொடுத்தால் அந்தக் கேட் திறந்து மூடும், அதனால் சத்தம் அடங்கும். ஆறு ஆப்பரேட்டர் எஃப்எம்மில் ஒவ்வொரு ஆப்பரேட்டருக்கும் தனித்தனி என்வலப் உண்டு. எனவே இந்த மூன்று மாடல்களிலும் ஒலி லோ பாஸ் கேட் வழியாகப் போகாமல் நேரே வெளியே வருகிறது. அப்போது லெவல் ஜாக்குக்கு மிஞ்சும் வேலை ஒன்றே ஒன்று, வெலாசிட்டி. விசையை எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்று டிஎக்ஸ்7 பார்க்குமே, அந்த இடத்தில் இங்கே லெவல் சிவி உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கேட்கும் தொனி மாற்றம் அதுதான். வெலாசிட்டி சென்சிட்டிவிட்டி 0 என்று எழுதப்பட்ட ஒலியில் அந்த மாற்றமும் இருக்காது.

ட்ரிக் காலியாக இருந்தால் ஒரே ஒரு குரல் ட்ரோனாக ஓடும். அந்த நிலையில் மார்ஃப் குமிழ் என்வலப்பின் காலக்கோட்டில் முன்னும் பின்னும் நகர்த்தும். இடக்கடைசியில் நோட்டின் தொடக்கம். வலப்பக்கம் போகப் போக நோட்டின் பிற்பகுதி. ஒரு மெதுவான எல்எஃப்ஓவை (திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சிக்னல்) மார்ஃபில் விட்டால், மணி ஒலியின் அடி விழுந்த கணத்துக்கும் அது தேயும் கட்டத்துக்கும் நடுவே போய் வந்துகொண்டே இருக்கலாம். அசல் டிஎக்ஸ்7இல் இதற்கு வழியே கிடையாது. இந்த ஃபர்ம்வேரில் என்னைக் கேட்டால் மிக முக்கியமான வசதி இதுதான். ட்ரிக்கைச் செருகிவிட்டு இதை மறந்துவிடாதீர்கள்.

ட்ரிக் செருகியதும் இரண்டு குரல்கள் மாறி மாறி ஒலிக்கும். முதல் நோட்டின் வால் அடங்கும் முன்பே இரண்டாம் நோட்டு வரலாம், வால் அதன் பழைய சுருதியிலேயே தேயும். மூன்றாம் நோட்டு வரும்போது முதல் குரலைப் பிடுங்கிக்கொள்ளும். நீண்ட ரிலீஸ் உள்ள ஒலிகளில் வேகமாக வாசித்தால் வால் வெட்டுப்படுவது இதனால்தான், கோளாறு இல்லை. இந்த நிலையில் மார்ஃப் என்வலப்பின் வேகத்தை மாற்றும். 12 மணி நிலையில் எழுதியபடியே ஓடும், இடப்பக்கம் சுருங்கும், வலப்பக்கம் நீளும்.

ட்ரிக்குக்குக் குட்டித் துடிப்பு போதாது, கேட் வேண்டும். கேட் உயரத்தில் இருக்கும்வரை என்வலப் சஸ்டெயினில் நிற்கும், இறங்கியதும் ரிலீஸுக்குப் போகும். சில மில்லிசெகண்ட் துடிப்பு கொடுத்தால் மணி, மரிம்பா மாதிரி ஒலிகள் தப்பிக்கும். மெதுவான அட்டாக் உள்ள ஸ்ட்ரிங்ஸும் பிராஸும் எழும்பும் முன்பே ரிலீஸுக்குப் போய்விடும். "சில பிரீசெட்கள் மட்டும் சத்தமே வரவில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் கேட் நீளத்தைப் பாருங்கள்.

உங்கள் 3வது கேள்விக்கும் இதிலேயே விடை. ட்ரிக் காலி என்றால் ஹார்மோனிக்ஸ் அடுத்த எண்ணைத் தொட்டவுடன் ஒலி மாறும். ட்ரிக் செருகியிருந்தால் புது ஒலி அடுத்த கேட் எழும்போதுதான் ஏறும். ஒலித்துக்கொண்டிருக்கும் நோட்டைத் தொடாது. எனவே சீக்வென்சரின் இரண்டாவது சிவியை ஹார்மோனிக்ஸில் விட்டால் நோட்டுக்கு ஒரு பிரீசெட் என்று மாற்றலாம், கிளிக் சத்தம் வராது.

ஒரு முக்கியமான விஷயம்: ட்ரிக்கில் கேபிளின் ஒரு முனையைச் செருகி மறுமுனை சும்மா தொங்கினாலும் மாட்யூல் அதைச் "செருகியது" என்றே எடுத்துக்கொள்ளும். ட்ரோன் வரவில்லை என்றால் தொங்கும் கேபிள் இருக்கிறதா பாருங்கள்.

அடுத்து அந்த "ப்யூ". ட்ரிக் செருகியிருக்கும்போது டிம்பர், எஃப்எம், மார்ஃப் ஜாக்குகளில் எது காலியோ, அதற்கு உள்ளிருந்து ஒரு டிகே (தேய்ந்து இறங்கும்) என்வலப் தானாகப் போகும். எவ்வளவு போகும் என்பதை அந்தந்தச் சின்ன அட்டெனுவெர்ட்டர் குமிழ் (நடுவில் 0, வலப்பக்கம் நேராக, இடப்பக்கம் தலைகீழாக) தீர்மானிக்கும். உங்கள் எஃப்எம் அட்டெனுவெர்ட்டர் 12 மணியிலிருந்து வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது, சுருதி மேலே போய் இறங்குகிறது. டிரம் மாடலில் இது வேண்டும், மின்சாரப் பியானோவில் வேண்டாம்.

சரியாக 12 மணியில் நிறுத்துவது கண்ணால் கஷ்டம். நீண்ட நோட்டு ஒன்றை வாசித்து, சரிவு மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று காதால் கேட்டபடி மெல்லத் திருப்புங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இடத்தில் சுருதி அசையாமல் நிற்கும். வேலை அவசரம் என்றால் எஃப்எம் ஜாக்கில் 0 வோல்ட் தரும் ஏதாவது ஒரு அவுட்புட்டைச் செருகிவிடுங்கள். ஜாக்கில் கேபிள் இருப்பதால் உள் என்வலப் துண்டிக்கப்படும்.

மார்ஃப் அட்டெனுவெர்ட்டரையும் இதே மாதிரி நடுவில் வையுங்கள். அது தள்ளி நின்றால் ஒவ்வொரு நோட்டிலும் என்வலப் வேகம் நடுவழியில் மாறும். சுருதி மாறாததால் சட்டென்று தெரியாது, "அசலில் கேட்ட மாதிரி இல்லையே" என்ற உணர்வு மட்டும் இருக்கும். டிம்பர் அட்டெனுவெர்ட்டரை வேண்டுமானால் வேண்டுமென்றே வலப்பக்கம் வைக்கலாம், தொடக்கம் கூர்மையாகும்.

---

ஆறாம்_ஆப்பரேட்டர்

சிஸெக்ஸ் கோப்புக்கு வருகிறேன். 4104 என்ற அளவை மட்டும் நம்பக் கூடாது.

டிஎக்ஸ்7இன் 32 ஒலி பேங்க் இப்படி இருக்கும்: தலைப்பு 6 பைட், ஒலித் தரவு 4096 பைட் (32 ஒலி, ஒவ்வொன்றும் சுருக்கிய வடிவில் 128 பைட்), செக்சம் (பிழை சரிபார்க்கும் எண்) 1, முடிவு பைட் (எஃப்7) 1. கூட்டினால் 4104. சிக்கல் என்னவென்றால் யமஹாவின் நான்கு ஆப்பரேட்டர் கருவிகளான டிஎக்ஸ்21, டிஎக்ஸ்27, டிஎக்ஸ்100, டிஎக்ஸ்81இசட் (TX81Z) குடும்பத்தின் பேங்க் கோப்பும் அதே 4104 பைட்தான். உள்ளே இருக்கும் அடுக்கு முற்றிலும் வேறு. நான்கு ஆப்பரேட்டர் தரவை ஆறு ஆப்பரேட்டராக வாசித்தால் நீங்கள் கேட்ட தாறுமாறுதான் வரும்.

ஏதாவது ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை எண்களாகக் காட்டும் மென்பொருள்) கோப்பைத் திறந்து முதல் ஆறு பைட்டைப் பாருங்கள்.

டிஎக்ஸ்7: எஃப்0 43 00 09 20 00
நான்கு ஆப்பரேட்டர்: எஃப்0 43 00 04 20 00

நான்காவது பைட் 09 என்றால் சரி. 04 என்றால் வேறு கருவியின் கோப்பு. மூன்றாவது பைட்டின் பின்பாதி மிடி சேனல். 00 இல்லாமல் 01, 02 என்று இருந்தாலும் தரவு நல்லதுதான், சில மென்பொருள்கள் மட்டும் அடம்பிடிக்கும். 00 என்று திருத்திச் சேமித்துவிடலாம், செக்சம் கெடாது. ஏனென்றால் செக்சம் தலைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. 4096 தரவு பைட்டையும் கூட்டி, அதன் எதிர்மத்தின் கீழ் 7 பிட்டை மட்டும் வைத்தால் அதுதான் செக்சம்.

163 பைட் கோப்பு கிடைத்தால் அது ஒற்றை ஒலி: தலைப்பு 6, சுருக்காத தரவு 155, செக்சம், முடிவு. அதைத் தனியாகப் பேங்க் ஆக்க முடியாது. டிஎக்ஸ்7 எடிட்டர் மென்பொருளில் திறந்து ஒரு பேங்கின் ஒரு இடத்தில் சேமித்து, முழுப் பேங்கையும் வெளியே எடுக்க வேண்டும். 4096 மட்டும் இருந்தால் தலைப்பும் வாலும் உதிர்ந்த கோப்பு. முன்னால் மேலே சொன்ன ஆறு பைட், பின்னால் செக்சமும் எஃப்7உம் சேர்த்தால் போதும்.

இப்போது பிளெய்ட்ஸ் பக்கம். மாட்யூலில் சொந்தத் தரவுக்கு இருப்பது 4096 பைட் கொண்ட ஒரே ஓர் இடம். அதில் எஃப்எம் பேங்க் ஒன்றோ, வேவ் டெரெய்ன் ஒன்றோ, வேவ்டேபிள் தொகுப்பு ஒன்றோ இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான். டெரெய்ன் ஏற்றிவிட்டு அதன்மேல் எஃப்எம் பேங்க் ஏற்றினால் டெரெய்ன் போய்விடும். அந்த 4096இன் கடைசி இரண்டு பைட்டில் இது எந்த மாடலுக்கான தரவு என்ற குறியை மாட்யூல் எழுதிக்கொள்கிறது. எஃப்எம் பேங்கில் அந்த இடம் 32வது ஒலியின் பெயருடைய கடைசி இரண்டு எழுத்து, ஆகவே ஒலிக்கு எந்தச் சேதமும் இல்லை.

மாட்யூலில் திரை கிடையாது. 32 ஒலியும் ஹார்மோனிக்ஸ் குமிழின் ஒரு சுற்றுக்குள் அடங்க வேண்டும், ஒன்றுக்கு ஏறக்குறைய 9 டிகிரிதான் கிடைக்கும். இணையத்தில் கிடைத்த பேங்கை அப்படியே ஏற்றினால் பியானோவுக்குப் பக்கத்தில் ரயில் சத்தம், அதற்குப் பக்கத்தில் புல்லாங்குழல் என்று இருக்கும்; சிவியால் ஓட்டவே முடியாது. ஏற்றும் முன் வரிசையை மாற்றுங்கள். இரண்டு விதம் எனக்கு நன்றாக வேலை செய்கிறது.

ஒன்று, மென்மையிலிருந்து கூர்மைக்கு அடுக்குவது. இடக்கடைசியில் சைனுக்கு நெருக்கமானவை, வலக்கடைசியில் உலோக ஒலிகள். ஹார்மோனிக்ஸ் அப்போது ஒரு பெரிய தொனிக் குமிழாகிவிடும்.

இன்னொன்று, ஒரே ஒலியின் எட்டு வடிவங்களை அடுத்தடுத்து வைப்பது. உதாரணமாக மணி ஒலி ஒன்றை எடுத்து, மாடுலேட்டரின் (மற்றோர் ஆப்பரேட்டரின் தொனியை மாற்றுவது) விகிதத்தை மட்டும் 1.00, 1.41, 2.00, 2.82, 3.50 என்று மாற்றி மாற்றிச் சேமியுங்கள். மற்ற எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். ட்ரிக் காலியாக வைத்து ஹார்மோனிக்ஸில் படிப்படியான சிவி விட்டால் விகிதம் தாவித் தாவி மாறும் ட்ரோன் கிடைக்கும். பேங்கில் நான்கு ஒலி, ஒவ்வொன்றுக்கும் எட்டு வடிவம், மொத்தம் 32.

சொந்தமாக எழுதும்போது இன்னும் சில.

டிம்பர் குமிழ் மாடுலேட்டர்களின் அளவை மட்டுமே தொடும், 12 மணியில் எழுதியபடி இருக்கும். எனவே ஆறும் கேரியராக (நேரே வெளியே கேட்கும் ஆப்பரேட்டர்) இருக்கும் 32ஆம் அல்காரிதம் (ஆப்பரேட்டர்களின் இணைப்பு அமைப்பு) ஒலிகளில், அதாவது ஆர்கன் வகைகளில், டிம்பர் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. குமிழ் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். எழுதும்போதே மாடுலேட்டர் அளவை 99இல் வைத்துவிட்டால் டிம்பரை வலப்பக்கம் திருப்பும்போது இரைச்சல்தான் மிஞ்சும். 70 முதல் 85க்குள் வைத்தால் இரண்டு பக்கமும் குமிழுக்கு வேலை இருக்கும்.

மாட்யூலில் மாடுலேஷன் வீலுக்கோ பிரெத் கன்ட்ரோலருக்கோ ஜாக் இல்லை. வீலைத் தள்ளினால்தான் வைப்ரட்டோ வரும்படி எழுதப்பட்ட ஒலிகள் இங்கே அசையாமல் நிற்கும். வைப்ரட்டோ வேண்டுமானால் ஒலிக்குள்ளேயே எல்எஃப்ஓ டெப்த்தைக் கூட்டி எழுதுங்கள், அல்லது வெளியிலிருந்து எஃப்எம் ஜாக்கில் எல்எஃப்ஓ விடுங்கள். போர்ட்டமென்ட்டோ, பிட்ச் பெண்ட் அளவு போன்றவை முதல் டிஎக்ஸ்7இன் ஒலித் தரவிலேயே இல்லை, அதனால் அவை கோப்போடு வராது.

கேட் எழும் கணத்தில் லெவல் ஜாக்கில் எவ்வளவு வோல்ட் இருக்கிறதோ அதுதான் அந்த நோட்டின் வெலாசிட்டி. அலைவரிசை, உங்கள் ஏடிஎஸ்ஆரை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். கேட் எழும்போது ஏடிஎஸ்ஆர் 0வில்தான் இருக்கும், எல்லா நோட்டும் மிக மென்மையாக வாசித்ததுபோல் மங்கிப்போகும். அங்கே சீக்வென்சரின் வெலாசிட்டி சிவி போகட்டும்.

---

அலைவரிசை

ஏடிஎஸ்ஆரை எடுத்து, கேட்டை ட்ரிக்கில் கொடுத்ததும் சரியாகிவிட்டது. எஃப்எம் அட்டெனுவெர்ட்டரும் வலப்பக்கம் தள்ளித்தான் நின்றது. கோப்பின் நான்காவது பைட் 04. நான்கு ஆப்பரேட்டர் ஒலிகளை ஆறுக்கு மாற்ற வழி உண்டா? இதில் எனக்கு வேண்டியது மூன்று நான்கு பாஸ் ஒலிதான்.

---

ஆறாம்_ஆப்பரேட்டர்

மூன்று நான்கு என்றால் கையாலேயே எழுதிவிடலாம். முதலில் அது எந்தக் கருவியின் ஒலி என்று பாருங்கள். டிஎக்ஸ்21, 27, 100 மூன்றும் சைன் அலை மட்டும். மாற்றம் நன்றாக வரும். டிஎக்ஸ்81இசட் ஆப்பரேட்டருக்கு எட்டு அலைவடிவம் உண்டு. சைன் அல்லாத அலை பயன்படும் ஒலியை டிஎக்ஸ்7 வடிவில் அப்படியே கொண்டுவர முடியாது.

அல்காரிதம்: நான்கு ஆப்பரேட்டரில் 1 என்பது 4→3→2→1 என்ற ஒரே அடுக்கு, ஃபீட்பேக் (ஆப்பரேட்டர் தன்னையே மாடுலேட் செய்வது) 4இல். டிஎக்ஸ்7இன் அல்காரிதம் 1இல் 6→5→4→3 என்று அதே அடுக்கு இருக்கிறது, ஃபீட்பேக் 6இல். பழைய 4, 3, 2, 1ஐ முறையே 6, 5, 4, 3இல் எழுதி, மிச்சமுள்ள 1, 2 இரண்டின் அவுட்புட் லெவலை 0 ஆக்குங்கள். நான்கு ஆப்பரேட்டரின் 5 (இரண்டு ஜோடி, ஃபீட்பேக் 4இல்) என்றால் டிஎக்ஸ்7இன் 5ஐ எடுங்கள். அதில் மூன்று ஜோடி உண்டு. ஃபீட்பேக் உள்ள 4→3ஐ 6→5இல் எழுதுங்கள், 2→1 அதே இடத்தில், நடு ஜோடி 0. எட்டாவது அல்காரிதம் என்றால் 32.

என்வலப்: அங்கே அட்டாக் 0–31, முதல் டிகே 0–31, முதல் டிகே லெவல் 0–15, இரண்டாம் டிகே 0–31, ரிலீஸ் 1–15. இங்கே நான்கு ரேட் (ஆர்1–ஆர்4), நான்கு லெவல் (எல்1–எல்4), எல்லாம் 0–99. எல்1 = 99; எல்2 = முதல் டிகே லெவல்; எல்3, எல்4 இரண்டும் 0. ஆர்1 அட்டாக், ஆர்2 முதல் டிகே, ஆர்3 இரண்டாம் டிகே, ஆர்4 ரிலீஸ். இரண்டாம் டிகே 0 என்றிருந்தால் ஒலி சஸ்டெயினில் நிற்க வேண்டும் என்று பொருள். அப்போது எல்3ஐ எல்2வுக்குச் சமமாக்குங்கள், இல்லாவிட்டால் பாஸ் நோட்டு நடுவில் தேய்ந்துவிடும். எண்களை விகிதப்படி பெருக்குவது தோராயம்தான். இரண்டு கருவியின் வேக அட்டவணையும் ஒன்றல்ல, ஆர்2வைக் காதால் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். பாஸ் ஒலியின் குத்து முழுக்க மாடுலேட்டரின் ஆர்2விலும் எல்2விலும் இருக்கிறது, நேரம் செலவிடுவதானால் அங்கே செலவிடுங்கள்.

---

மின்காந்தம்

இடையில் ஒரு சின்னக் கேள்வி. 1.2ஐ ஏற்றும்போது பாதியில் பிழை என்று நின்றுவிடுகிறது. லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து மோனோ கேபிளில் கொடுக்கிறேன். மாட்யூல் செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

---

கேட்_ஆன்

பயம் வேண்டாம். தரவை வாங்கும் பூட்லோடர் ஃபிளாஷில் தனியாக இருக்கிறது, ஏற்றும் கோப்பு அதைத் தொடாது. பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து ஒலிக்க விடலாம்.

தரவு ஒலி வடிவில் போகிறது, ஒலியை மாற்றும் எதுவும் தரவைக் கெடுக்கும். வேவ் கோப்பை அப்படியே ஒலிக்க விடுங்கள். எம்பி3 ஆக்கினாலோ, மெசேஜ் ஆப் வழியாக அனுப்பியது தானே சுருக்கிவிட்டிருந்தாலோ அது உதவாது. ஈக்வலைசர், சத்தத்தைச் சமன்செய்யும் வசதி, "ஒலி மேம்பாடு" என்று சிஸ்டம் அமைப்பில் இருக்கும் எல்லாவற்றையும் அணையுங்கள். புளூடூத் கூடவே கூடாது. அறிவிப்பு ஒலிகளை அணையுங்கள், நடுவே ஒரு "டிங்" வந்தாலே அந்தத் தொகுதி பிழையாகிவிடும்.

அளவு பற்றி: மாடுலர் உலகில் சிக்னல் பல வோல்ட், லேப்டாப் ஹெட்ஃபோன் ஜாக் தருவது ஏறக்குறைய 1 வோல்ட்தான். பெரும்பாலும் வால்யூமை முழுதாக வைக்க வேண்டியிருக்கும். ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் அதன் லைன் அவுட் மேல். அங்கே முழு அளவு கொடுத்தால் அலையின் தலை வெட்டுப்படலாம், பாதிக்குக் கொஞ்சம் மேலே தொடங்குங்கள். மற்ற சிவி கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கையேடு சொல்லும் ஜாக்கில் மட்டும் செருகுங்கள். ஸ்பீக்கர் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். அந்த ஒலி காதுக்கு நல்லதில்லை.

---

நிலப்பரப்பு

அலைவரிசையின் 5வது கேள்வி நிற்கிறது. வேவ் டெரெய்ன் எனக்கு இந்த எட்டில் மிகப் பிடித்தது.

மேடு பள்ளமான ஒரு தளம் இருக்கிறது. ஒரு புள்ளி அதன்மேல் வட்டப் பாதையில் ஓடுகிறது, விநாடிக்கு எத்தனை சுற்று என்பதுதான் சுருதி. புள்ளி நிற்கும் இடத்தின் உயரம்தான் வெளியே வரும் சிக்னல். ஹார்மோனிக்ஸ் எந்தத் தளம் என்று தேர்ந்தெடுக்கும். எட்டுத் தளங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடர்ச்சியாக உருமாறும். டிம்பர் பாதையின் ஆரம். மார்ஃப் பாதையை நடுவிலிருந்து தள்ளி வைக்கும்.

மொட்டை சைன் ஏன் வருகிறது என்றால், ஆரம் சின்னதாக இருக்கும்போது புள்ளி கால்படும் இடம் ஏறக்குறைய ஒரே சரிவான பலகை. சரிவில் வட்டம் போட்டால் உயரம் சைனாகத்தான் ஏறி இறங்கும். ஆரம் கூடக் கூட ஒரு சுற்றுக்குள் பல மேடு பள்ளங்களைக் கடக்க வேண்டியிருக்கும், ஹார்மானிக்குகள் குவியும், கரகரக்கும். நடுநிலை வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள்: தாழ்ந்த நோட்டு ஒன்றை ட்ரோனாக விடுங்கள். டிம்பரை 9 மணியில் வைத்து மார்ஃபை மட்டும் முழுதாக ஒருமுறை நகர்த்துங்கள். சில இடங்களில் தொனி சட்டென்று திரும்பும், அங்கெல்லாம் பாதை ஒரு மேட்டின் விளிம்பைத் தொடுகிறது. அப்படி ஓர் இடத்தில் மார்ஃபை நிறுத்திவிட்டு, டிம்பருக்கு மிகச் சிறிய அளவில் என்வலப் கொடுங்கள். அட்டெனுவெர்ட்டர் 12 மணியிலிருந்து ஒரு முடியளவு விலகினால் போதும். பலரும் டிம்பரை முழுதாக ஓட்டுகிறார்கள், அதனால்தான் இரண்டு எல்லையை மட்டும் கேட்கிறார்கள்.

உயர்ந்த நோட்டுகளில் டிம்பரின் விளைவு குறைவாகத் தெரியும். அலியாசிங் (உயர்ந்த அதிர்வெண்கள் போலி ஒலிகளாக மடிவது) வராமலிருக்க ஆரத்தை மாட்யூல் தானே சுருக்குகிறது. இந்த மாடலைத் தாழ்ந்த இரண்டு மூன்று ஆக்டேவில் புரோகிராம் செய்வதே நல்லது.

அவுட்டில் (முதல் வெளியீட்டு ஜாக்) வருவது நேரடி உயரம். ஆக்ஸில் (இரண்டாம் வெளியீட்டு ஜாக்) அதே உயரம் ஒரு சைனின் கட்டத்தைத் திருப்பப் பயன்படுகிறது, எனவே கூடுதல் கூர்மை. இரண்டையும் மிக்சரில் எடுத்து, ஆக்ஸை அடியில் லேசாகக் கலந்தால் உடல் கெடாமல் பளிச்சென்று வரும்.

சொந்தத் தளம் ஏற்ற விரும்புகிறவர்களுக்கு: 64க்கு 64 புள்ளி, ஒவ்வொன்றும் குறியுள்ள 8 பிட் எண். அதுதான் அந்த 4096 பைட். ஏற்றினால் ஹார்மோனிக்ஸின் வலக்கடைசியில் ஒன்பதாவதாக உட்காரும். உயரங்கள் −128 முதல் 127 வரை முழு வீச்சையும் பயன்படுத்தட்டும். தாழ்வான, தட்டையான தளம் எழுதினால் சின்ன ஆரத்தில் இரண்டு மூன்று படிகளுக்குள்ளேயே புள்ளி ஓடும், 8 பிட் படிக்கட்டு இரைச்சலாகக் கேட்கும். பக்கத்துப் புள்ளிகளுக்கிடையே பெரிய தாவல் இருந்தாலும் இரைச்சல்தான். இரண்டு மூன்று சைன்களைப் பெருக்கிக் கூட்டி உண்டாக்கும் மென்மையான தளமே நன்றாக ஒலிக்கிறது. புகைப்படத்தை 64க்கு 64 ஆக்கி ஏற்ற ஆசை வரும். ஏற்றும் முன் நன்றாக மங்கலாக்கிவிடுங்கள்.

மற்ற மாடல்கள் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஃபில்ட்டரோடு வரும் கிளாசிக் அலைவடிவம்: ஹார்மோனிக்ஸ் வெறும் ரெசொனன்ஸ் (ஃபில்ட்டர் வெட்டும் இடத்தில் எழும் முனைப்பு) அல்ல. இடக்கடைசியில் ஆக்டேவுக்கு 24 டெசிபல், மென்மை. வலக்கடைசியில் 12 டெசிபல், முரட்டுத்தனம். ரெசொனன்ஸ் நடுவில் குறைவு, இரண்டு பக்கமும் கூடும். டிம்பர்தான் கட்ஆஃப் (ஃபில்ட்டர் வெட்டத் தொடங்கும் அதிர்வெண்), அது சுருதியோடு சேர்ந்தே நகரும். எனவே தனியாகக் கீ டிராக்கிங் இணைப்பு போட வேண்டாம், போட்டால் இரட்டிப்பாகும். டிம்பரை இடக்கடைசிக்குக் கொண்டுபோனால் அடிப்படை அதிர்வெண்ணே வெட்டுப்பட்டுச் சத்தம் காணாமல் போகும். ஆக்ஸில் 12 டெசிபல் ஹை பாஸ் வருகிறது.

பேஸ் டிஸ்டார்ஷன்: அவுட்டுக்கும் ஆக்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவுட்டில் கேரியர் ஒவ்வொரு சுற்றிலும் சிங்க் ஆகிறது, ஆக்ஸில் சுதந்திரமாக ஓடுகிறது. ஹார்மோனிக்ஸ் முழு எண் விகிதத்தில் இல்லாதபோது அவுட் சுருதியில் நிற்கும், ஆக்ஸ் உலோகமாகும்.

ஸ்ட்ரிங் மெஷினில் அவுட், ஆக்ஸ் இரண்டையும் இடவலமாக எடுக்காவிட்டால் கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுருதிகளின்) பாதிக் குரல்கள் பின்னால் போய்விடும். ஒன்று, மூன்று குரல்கள் அவுட்டில் தூக்கலாகவும் இரண்டு, நான்கு ஆக்ஸில் தூக்கலாகவும் இருக்கின்றன.

சிப்டியூனில் ட்ரிக் ஆர்பெஜியோவை ஒரு படி நகர்த்தும் கிளாக். டிம்பர் ஜாக் காலியாக இருந்து ட்ரிக் செருகியிருந்தால் டிம்பர் அட்டெனுவெர்ட்டர் இங்கே வேறு வேலை பார்க்கும்: மாடலுக்குள்ளேயே இருக்கும் என்வலப்பின் வடிவத்தை அது தீர்மானிக்கும். எஃப்எம் மாடலிலிருந்து வரும்போது அதை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருந்தால் சிப்டியூன் நோட்டுகளின் நீளம் எதிர்பாராத விதத்தில் இருக்கும். ஆக்ஸில் முக்கோண அலை பாஸ் தனியாகக் கிடைக்கிறது, அதை வேறு ஃபில்ட்டருக்கு அனுப்பலாம்.

---

அலைவரிசை

டிம்பரை 9 மணியில் வைத்து மார்ஃபை நகர்த்தியதில் தொனி திரும்பும் இடங்கள் தெளிவாகக் கேட்கின்றன. பாஸ் ஒலிகளில் இரண்டு அல்காரிதம் 1, ஒன்று 5, எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பாஸில் ஃபீட்பேக் 7 என்று இருக்கிறது. டிஎக்ஸ்7இலும் 7 என்றே வைக்கலாமா?

---

ஆறாம்_ஆப்பரேட்டர்

இரண்டிலும் அளவுகோல் 0–7தான், 7இலேயே தொடங்குங்கள். அடுக்கின் உச்சியில் இருக்கும் ஆப்பரேட்டர் என்பதால் டிம்பரை வலப்பக்கம் திருப்பும்போது அதன் அளவும் சேர்ந்து ஏறும். இரைச்சல் முந்திக்கொண்டால் ஃபீட்பேக்கை 6க்கு இறக்குங்கள், ஆறாவது ஆப்பரேட்டரின் அவுட்புட் லெவலைத் தொட வேண்டாம்.